ஒச்சாண்டி உண்ட ஊர்கள்

கூடலூர் முதல் தேனி வரை எந்தக் கடையில் எந்த வேளைக்கு எது நன்றாக இருக்கும் என்பதை ஒச்சாண்டி பதினாறு வயதுக்குள் அறிந்துகொண்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. அவன் பிறந்தது சுருளிப்பட்டிக்கு அப்பால் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில். தந்தையை மலைக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. தாய் கருத்தம்மாள் மானாவாரி நிலத்தில் சோளமும் கம்பும் விதைத்து மகனை வளர்த்தாள். வீட்டில் காலையில் கூழ், இரவில் களி. விசேட நாட்களில் மட்டுமே நெல்லுச்சோறு.

பையனுடைய நாக்கோ வேறு விதமாக அமைந்திருந்தது. தாய்மாமன் வீரபாண்டியின் மாட்டுவண்டி நிலக்கடலை மூட்டைகளோடு சந்தைகளுக்குப் போகும்போதெல்லாம் துணையாக அவனும் கிளம்பிவிடுவான். மாமன் மாடுகளை அவிழ்த்துவிட்டு உறங்க, மருமகன் ஊருக்குள் நுழைந்து, காற்றில் வரும் தாளிப்பு மணத்தைப் பின்பற்றி நடப்பான். கையில் காசு இராது. ஆகவே அவன் எந்தக் கடைக்கும் முன்வாசல் வழியாகப் போனதில்லை. பின்பக்கம் சென்று, விறகு பிளக்கவோ, தண்ணீர் இறைக்கவோ, வெங்காயம் உரிக்கவோ ஆள் வேண்டுமா என்று கேட்பான். வேலை முடிந்ததும் ஓர் இலை கிடைக்கும்.

இவ்வாறு கூடலூரில், குமுளி மலையிலிருந்து இறங்கி வந்த மலையாளத்தார் நடத்திய தேநீர்க்கடையில், மூங்கிற்குழாயில் அவித்த புட்டைக் கடலைக்கறியோடு உண்டான். போடியில் பொன்னாத்தாளின் பணியாரம். கம்பத்தில் மீரான் ராவுத்தர் கடையில் ஆட்டிறைச்சியும் நெய்ச்சோறும். இவை எல்லாவற்றையும்விட அவன் உயர்வாக மதித்தது சின்னமனூரில் ஆவுடையப்ப பிள்ளை வைத்திருந்த காபி கிளப்பின் இட்லியை.

பிள்ளை திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து கடை போட்டவர். "சைவாள் கைப்பாகம். சமையற்கட்டில் பிறர் கை படாது" என்று வாசலில் பலகை தொங்கவிட்டிருந்தார். அந்தப் பலகையை நம்பியே பெரிய மனிதர்கள் அங்கே உண்ண வந்தார்கள். ஆனால் ஆட்டுரலில் மாவாட்டுவதற்கு அவர் தேடிய சைவப் பிள்ளைகள் எவரும் நிலைக்கவில்லை. கை கொப்பளித்ததும் ஊருக்கு ஓடிப்போனார்கள். அந்நிலையில்தான் கொல்லைப்புறம் வந்து நின்ற ஒச்சாண்டியின் தோள்களை அவர் பார்த்தார். ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். வண்டி சின்னமனூரில் தங்கும் நாட்களில் இருட்டிய பிறகு அவன் பின்வாசலால் உள்ளே வரவேண்டும். இட்லிக்கு ஆட்டிவைத்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டு, விடியுமுன் வடைக்கு உளுந்து ஆட்ட வேண்டும். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பிள்ளை வெளிப்புறம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். விடிந்ததும் சூடான இட்லிகளை உண்ணக் கொடுத்து, அதே வாசலால் அனுப்பிவிடுவார். இதை எவரிடமும் சொல்லக் கூடாதென்று பிள்ளை அவனிடம் மாரியம்மன்மீது ஆணை வாங்கியிருந்தார்.

ஒச்சாண்டி ஆணையைக் காத்தான். ஆயினும் உண்டதைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. ஊர்ச் சாவடியில் கிராம முன்சீப் நல்லகண்ணு அவனுக்காகவே காத்திருப்பார்.

"ஏலே ஒச்சா, இந்த வாரம் எங்கன தின்ன?"

"சின்னமனூருலங்கய்யா. இட்லி."

"எப்புடிடா இருந்துச்சு?"

"விரல வச்சா அமுங்குதுங்கய்யா. எடுத்தா அப்புடியே எந்திரிச்சிருது. கைப்புள்ளயத் தொட்ட மாதிரி."

"ஏண்டா, ஒங்காத்தா காச்சுற கூழு ஒனக்கு என்னடா துரோகம் பண்ணுச்சு?"

"அது நல்ல கூழுதாங்கய்யா. தெனம் வருது, அதான்."

சாவடி முழுவதும் சிரிக்கும். முன்சீப்புக்கு வாயூறும். காசுக்கு என்ன செய்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்படியிருக்கையில் சின்னமனூரில் ஒரு வெற்றிலை வியாபாரியின் வீட்டில் இரவில் நகை களவு போயிற்று. அந்நாளில் ரேகைச் சட்டம் நடப்பிலிருந்தது. அரசாங்கம் குறித்துவைத்த சில குலங்களில் பிறந்த ஆண்கள், ஐயத்துக்கு ஆளானால், கைரேகை பதித்துப் பொழுது சாய்ந்ததும் சாவடிக்கு வந்து படுக்க வேண்டும். அயலூரில் இரவு தங்க வேண்டுமானால் முன்சீப்பிடம் சீட்டுப் பெற வேண்டும்; ஓரிரு நாளுக்கு மேல் தங்கினால் அங்குள்ள போலீஸ் ஸ்டேஷனில் படுக்க வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. பிறப்பும் ஐயமும் போதும். ஒச்சாண்டியின் குலமும் அவற்றில் ஒன்று. பையன் என்பதால் அவனை அதுவரை விட்டுவைத்திருந்தார்கள்.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் சாவடியில் அமர்ந்து, அன்றிரவு இவ்வூரிலிருந்து சின்னமனூரில் யார் இருந்தார்கள் என்று முன்சீப்பைக் கேட்டார். வண்டிகளோடு தண்ணீர்த்தொட்டியருகே நின்ற ஒச்சாண்டிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நம்ம ஒச்சாண்டி இருந்தானுங்க. இட்லி தின்னேன்னான். விரல வச்சா அமுங்குமாம், எடுத்தா எந்திரிச்சிருமாம்," என்றார் முன்சீப். கெடுதல் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. சுவையாகப் பேசிப் பழகிய செய்தி, பழகியபடியே வாயிலிருந்து வந்தது. "அதுக்கு முந்தி போடியில பணியாரம். அதுக்கு முந்தி கம்பத்துல ராவுத்தர் கடையில நெய்ச்சோறு. பய ஊரு ஊராத் தின்னுட்டு வருவானுங்க."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "கூழுக்கே வழியில்லாத வீடுன்னு சொன்னீரே. ஓட்டல் ஓட்டலாத் திங்க அவனுக்கு ஏது காசு?"

முன்சீப்பின் முகம் மாறியது. தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தான் ருசித்து ருசித்துச் சொன்ன சொற்கள், மாறாத வரிசையில், தனக்கெதிரே சாட்சியாகத் திரும்பி வந்ததை ஒச்சாண்டியால் நம்ப முடியவில்லை.

கம்பத்து ராவுத்தரும் போடிப் பொன்னாத்தாளும் அவன் உழைத்து உண்டதாகச் சொல்லக்கூடும். ஆனால் களவு நடந்த இரவில் அவன் எங்கிருந்தான் என்பதற்கு ஆவுடையப்ப பிள்ளை ஒருவரே சாட்சி. மறுவிசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்று மாலை ஒச்சாண்டி ஆணையை மீறித் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"பூட்டியா வச்சாக? மாட்டக் கூடப் பூட்ட மாட்டாகளேடா," என்றாள் கருத்தம்மாள்.

மறுநாள் சின்னமனூருக்குப் போய்க் கிளப்பின் கொல்லைப்புறத்தில் நின்றாள். பிள்ளை பதறியடித்து வந்தார்.

"இங்க நிக்காத தாயி. நான் வந்து சொல்லுதேன்."

"மெய்தானுங்களாய்யா? எம்புள்ளைக்கு ஒங்கள விட்டா நாதியில்ல."

"அதான் சொல்லுதேன்னு சொல்லுதேனே. நீ போ."

அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் வீடு திரும்பினாள்.

குறித்த நாளில் பிள்ளை வந்தார். நெற்றி நிறையத் திருநீறும் சரிகை அங்கவஸ்திரமுமாக வந்தவர், சாவடிக்குள் நுழைந்ததும் தயங்கி நின்றார். களவு கொடுத்த வெற்றிலை வியாபாரி அங்கே உட்கார்ந்திருந்தார். அவரோடு சின்னமனூர்ப் பெரிய மனிதர்கள் சிலரும் இருந்தார்கள். அத்தனை பேரும் பிள்ளை கடையில் நாள்தோறும் இலை போட்டு உண்பவர்கள்.

"இந்தப் பையன் அன்னைக்கு ராத்திரி உங்க சமையற்கட்டுல மாவாட்டினதாச் சொல்றான். உண்மையா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வெற்றிலை வியாபாரி திரும்பி, பிள்ளையின் வாயையே பார்த்தார்.

"நல்லாருக்கே கதை," என்றார் பிள்ளை. "என் அடுக்களையில இவனா? இந்தப் பையன நான் பாத்ததே இல்ல."

"அய்யா," என்றான் ஒச்சாண்டி. கருத்தம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை இருவரையும் பாராமல் வெளியேறினார். களவுக்கு வேறு சான்று இல்லாமையால் சிறை இல்லை. ஆனால் ஒச்சாண்டியின் விரல்களை மையில் தோய்த்து ரேகை எடுத்தார்கள்.

அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் அந்தி சாயும்போது, அவன் ஒரு துப்பட்டியோடு சாவடிக்குப் போய்ப் படுத்தான். மாமனின் வண்டி அவனில்லாமல் புறப்பட்டது. முன்சீப் ஓரிரு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு பிற்பகலில், ஆவுடையப்ப பிள்ளை மறுபடியும் அவ்வூருக்கு வந்தார். இம்முறை அங்கவஸ்திரம் இல்லை. சாவடியில் முன்சீப்பும் வரிகட்ட வந்த குடியானவர்களும் இருந்தார்கள். அந்தியில் வரவேண்டிய ஒச்சாண்டி அன்று முன்னதாகவே வந்து தூணோரம் இருந்தான்.

"ஒரு ராத்திரிச் சீட்டு வேணும்வே," என்றார் பிள்ளை.

"யாருக்கு?"

பிள்ளை தூணோரம் கண்ணைக் காட்டினார். முன்சீப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இவனையா? நீங்கதான் இவனப் பாத்ததே இல்லன்னீகளே. சரி, என்ன வேலைக்கு? சீட்டுல வேலையச் சொல்லணும்."

"கூலி வேலைன்னு போடும்."

"அப்புடிப் போட்டா அங்கன போலீஸ் வந்து கேக்கும்."

பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "மாவாட்டத்தான். ரெண்டு மூணு பேரப் போட்டுப் பாத்தாச்சு. இட்லி கல்லாட்டம் வருது. வாடிக்கையெல்லாம் எதுத்த கடைக்குப் போவுது."

குடியானவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்சீப்பின் முகத்தைக் கண்ட பிள்ளை, அவர் தயங்குவதற்கு வேறு காரணம் கற்பித்துக்கொண்டார். பையன் தப்பி ஓடினால் சீட்டு எழுதியவர் பொறுப்பாவாரே என்று அஞ்சுகிறார் போலும் என நினைத்து, தைரியம் சொல்லத் தொடங்கினார்.

"ஓடிப் போயிருவான்னு பயப்படாதீரும். வெளியில பூட்டித்தான் வைப்பேன். களவு போச்சே, அன்னைக்கும் பூட்டித்தான் வச்சிருந்தேன். விடியுத வரைக்கும் சாவி என் இடுப்ப விட்டு இறங்கல."

பிள்ளையின் முகத்தில், நல்ல உத்தரவாதம் கொடுத்துவிட்ட நிறைவு மட்டுமே இருந்தது.

"இத அன்னைக்கிச் சொல்லியிருக்கலாமே," என்றார் முன்சீப்.

"அன்னைக்கு என் வாடிக்கைக்காரவுகள்லா உக்காந்திருந்தாவ. இது நமக்குள்ள."

"இன்ஸ்பெக்டர்ட்ட வந்து சொல்லுவீகளா?"

"அது வேற விசயம்வே. நான் சீட்டுக்குத்தான் வந்தேன்." பிள்ளை தூணின் பக்கம் திரும்பினார். "ஏலே, வா. கூலி கூட்டித் தாரேன்."

ஒச்சாண்டி பல வாரங்களுக்குப் பிறகு சாவடியில் வாய் திறந்தான். "கூலின்னு ஒண்ணு குடுத்தாத்தானங்கய்யா கூட்டுறதுக்கு."

குடியானவர்களில் ஒருவர் இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல் அது. பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு வந்த வழியே போனார்.

முன்சீப் அன்றே நடந்ததை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பிள்ளை நேரில் வந்து சொன்னாலன்றிப் பரிசீலிக்க இயலாதென்று பதில் வந்தது. பிள்ளை போகவில்லை. அதைச் சொல்லும்போது முன்சீப் பையனின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ரேகைய அழிக்க எனக்கு அதிகாரம் இல்லடா. சீட்டு எழுதலாம். எந்த ஊருக்குன்னு சொல்லு. ஜாமீனுக்கு எம்பேரப் போடுறேன்."

"கம்பத்துக்கு எழுதுங்கய்யா. ராவுத்தர் கடைக்கு."

"அவரு வேல குடுப்பாரா?"

"ஆத்தா போய்க் கேட்டுச்சு. வரச் சொல்லிருக்காக." சிறிது தயங்கி, "ராத்திரி பூட்டுவீகளான்னும் ஆத்தா கேட்டுச்சாம். அங்கன பின்னால கதவே இல்லன்னு சிரிச்சாகளாம்," என்றான்.

சட்டம் நீங்கியது நாற்பத்தேழாம் ஆண்டில். அதுவரை ஒவ்வோர் அந்தியிலும் மீரான் ராவுத்தர் கடை அடுப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, ஒச்சாண்டி கம்பம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் படுக்கப் போனான். இரவுச் சாப்பாட்டுக் கூட்டம் சேரும் வேளை அது.