ஹேமாவும் நானும் பூட்டுக்குள் இருந்த மத்தியானம்

கதவுக்கு வெளியே பூட்டு ‘டக்’கென்று விழுந்த சத்தமும், அதன்பின் படியிறங்கிப் போன செருப்புச் சத்தமும் இன்றைக்கும் எனக்குக் கேட்கின்றன. ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சையின் கடைசி நாள் அது. திருப்பரங்குன்றம் மலையைப் பார்த்தபடி இருந்த எங்கள் பள்ளியின் இரண்டாம் மாடி நூலகத்தில், பரீட்சை முடிந்ததும் அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ஹேமாவும் நானும் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் ஆயாம்மா பூட்டிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் அறை காலியாக இருப்பது போலத்தான் இருக்கும்.

வகுப்பில் எங்களை ‘ரெண்டு அமுக்குணி’ என்பார்கள். ஹேமா வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுவதால்தான் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று டீச்சர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. “எம்புட்டுக் கேட்டாலும் வாயத் தொறக்குதுகளா பாரு, ரெண்டும் ஒரே அச்சு” என்பார் அம்மா. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பூட்டு விழுந்ததுமே கத்தியிருக்க வேண்டும். கத்தினால் யாராவது வந்து திட்டுவார்களோ என்றும், கத்தாவிட்டால் கோடை விடுமுறை முடியும்வரை யாருமே வரமாட்டார்களோ என்றும் இரண்டு பயத்துக்கும் நடுவே நான் கத்தவே இல்லை. ஹேமாவும் கத்தவில்லை. ஆனால் அவள் முகத்தில் பயமே இல்லை. கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். பெயின்ட் அடிப்பதற்காகக் கம்பியைக் கழற்றி வைத்திருந்த கடைசி ஜன்னலருகே நின்று வெகுநேரம் யோசித்தாள். என்ன யோசிக்கிறாள் என்று சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னலில் ஏறியபோதுதான் எனக்குப் புரிந்தது. கீழே இருக்கும் சன்ஷேடில் இறங்கி, ஓரமாக நடந்து, மாடிப்படி ஜன்னல் வழியாக உள்ளே போகப் பார்க்கிறாள்.

அந்த சன்ஷேடை எனக்குத் தெரியும். தினமும் பிரேயரில் எங்கள் வரிசை அதற்குக் கீழேதான் நிற்கும். காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி அடியில் தெரியும். என்றைக்குத் தலையில் விழுமோ என்று பாட்டு முடியும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பேன். ஹேமா ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் பேசாமல் இருப்பது உள்ளுக்குள் ஏதோ ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருப்பதால். நான் பேசாமல் இருப்பது சுற்றியிருக்கும் ஒவ்வொன்றையும் பார்த்துப் பயந்துகொண்டிருப்பதால். இது எனக்கு உறைத்தது அந்த நிமிடத்தில்தான்.

‘அது உடைஞ்சிருக்கு’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவள் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினாள். கால் விரல் சன்ஷேடைத் தொட்டதும் காரைத் துண்டு ஒன்று உதிர்ந்து, கீழே எங்கோ விழுந்து உடைந்தது. ஓடிப்போய் அவள் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் அலறல்.

கேட்டிலிருந்த வாட்ச்மேன் அண்ணன் ஓடிவந்தார். “ஏய் புள்ள, மேல ஏறு! அது தாங்காது! இந்தா வாரேன்!” என்று கீழிருந்து கூவினார். அவர் பூட்டைத் திறப்பதற்குள் அவளை உள்ளே இழுத்துவிட்டிருந்தேன். “வாயே இல்லாத புள்ளைன்னுல்ல நெனச்சேன், இம்புட்டுச் சத்தத்த எங்க வச்சிருந்த?” என்று என்னைக் கேட்டார். ஹேமாவும் நானும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பஸ் தெரிந்தபோது, “உடைஞ்சிருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.

“எறங்கப்போறேன்னு நீயும் சொல்லலையே” என்றேன்.

அந்தக் கட்டடம் இன்று இல்லை. அங்கே ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. முகூர்த்த நாட்களில் அதன் ஸ்பீக்கர் சாலைவரை அலறுகிறது. ஹேமா பெங்களூரில் இருக்கிறாள். போன மாதம், கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நம் குணத்தை நான்கே ஆங்கில எழுத்தில் சொல்லிவிடும் ஒரு சோதனையை எனக்கு போனில் அனுப்பியிருந்தாள். எங்கள் இருவருக்கும் மூன்று எழுத்துகள் ஒன்றுதான், கடைசி எழுத்து மட்டும் வேறு. மறுநாள் அவள் போன் வந்தபோது, அதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

“வேலைய விட்டுறலாம்னு இருக்கேன்” என்றவள், “உனக்கு இதுல என்னென்ன பயமா இருக்குன்னு சொல்லு, கேட்டுட்டு லெட்டர் குடுக்குறேன்” என்றாள்.

என்னிடம் பயத்துக்கா பஞ்சம்? ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.