பிள்ளையாருக்கு டைரக்ட்

எங்கள் வண்டி ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம். செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தூணுக்குப் பக்கத்தில், வெள்ளி நிறப் போர்வையைப் போர்த்திக்கொண்டு சாதுவாக நிற்கும். என் கணவர் ஆபீஸிலிருந்து ரிடையர் ஆன பிறகு அதை எடுத்துக்கொண்டு எங்கே போவது? ரயில் இருக்கிறது, வாசலிலேயே ஆட்டோ கிடைக்கிறது. ஆட்டோவுக்கு சயானைத் தாண்ட அனுமதி கிடையாது என்பதால், அதற்கு அப்பால் இருக்கும் மாட்டுங்கா போக வேண்டிய அன்றைக்கு மட்டும் வண்டியின் ஞாபகம் வரும். அன்றைக்குப் பார்த்து அது கிளம்பாது.

சாவியைத் திருப்பினால் டக், டக், டக் என்று பல்லி சொல்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு அடங்கிவிடும். முன்விளக்கு மஞ்சளாக அழுது வடியும். ஹாரனை அழுத்தினால் ஜலதோஷம் பிடித்தவர் யாரையோ கூப்பிடுவது போலிருக்கும். இதெல்லாம் பழைய வியாதி இல்லை. போன வருஷம் எனக்கு ஆபரேஷன் ஆகி, நான் தேறி எழுந்து நடமாட ஆரம்பித்தேன். அதற்குப் பிறகுதான் வண்டி படுத்துக்கொண்டது. ஒரு வீட்டில் ஒரு நோயாளி இருந்தே தீர வேண்டும் போலிருக்கிறது என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிக்கமாட்டார்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சடங்கு உண்டு. குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கீழே போய்ப் போர்வையை விலக்கி, வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் உறும விடுவார். பிறகு டாஷ்போர்டில் விளக்கு வட்டத்துக்கு முன்னால் இருக்கும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, பாட்டரிக்குச் சாப்பாடு போட்டாச்சு என்று மேலே வருவார். உண்மையில் அது சாப்பாடே இல்லை. வண்டி கிளம்பும்போது பாட்டரி கொடுக்கிற கரண்டை ஐந்து நிமிஷம் நின்ற இடத்தில் உறுமித் திருப்பித் தர முடியாது. இதை மெக்கானிக் ஒரு தடவை சொன்னார். அன்றிலிருந்து ஐந்து நிமிஷம் ஏழு நிமிஷமாயிற்று. அவ்வளவுதான் அந்த உபதேசத்தின் பலன்.

வண்டி நின்றுபோனால் கட்டடத்து ஆண்பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். காபி டம்ளரோடு இறங்கி வந்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஸ்டார்ட்டர் போச்சு என்பார் ஒருவர். பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும் என்பார் இன்னொருவர். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து கேட் வரைக்கும் தள்ளுவார்கள். தள்ளுகிறவர்களில் பாதிப் பேருக்கு பிரஷர், மீதிப் பேருக்கு முட்டிவலி. யாராவது விழுந்துவிடப் போகிறார்கள் என்று பால்கனியில் நின்று எனக்குத்தான் படபடக்கும்.

விக்ரோலியில் இருக்கும் எங்கள் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. வண்டியை விற்றுவிடுங்கள் என்று ஆரம்பித்தாள். தெரிந்த இடத்தில் கேட்டு, வாங்குவதற்கு ஆளையும் பார்த்துவிட்டாள். என் கணவர் கெஞ்சினார். புது பாட்டரி போட்டுப் பார்க்கலாம், அதற்கப்புறமும் ஒரு தடவை நின்றால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். நான் பெண்ணின் கட்சி. அந்தப் போர்வையைத் துவைக்கிறவள் நான்தானே.

புது பாட்டரி வந்தது. வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக் கிளம்பியது. அவர் பெண்ணுக்கு போன் போட்டு, சத்தத்தைக் கேளு என்று கேட்க வைத்தார். மூன்றாவது வாரம் மறுபடியும் டக், டக், டக்.

அன்றைக்கு அவர் காலை டிபனைப் பாதியில் வைத்துவிட்டார். வாங்குகிற ஆள் மறுநாளே வருவதாகப் பெண் சொல்லிவிட்டாள். இவர் மறுபேச்சு பேசவில்லை. கொடுக்கிற வண்டியை நல்லபடியாகக் கொடுக்க வேண்டாமா, என்ன கோளாறு என்று பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மெக்கானிக் தாராவியிலிருந்து வருகிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வந்ததும் டாஷ்போர்டுப் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பானெட்டைத் திறப்பார். முதலில் வேறொரு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினார். உடனே கிளம்பிவிட்டது. அப்படியானால் ஸ்டார்ட்டர் பேரில் குற்றமில்லை. ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தார், பாட்டரிக்குச் சார்ஜ் சரியாக ஏறிக்கொண்டிருந்தது. வண்டியை அணைத்தார். சாவியை என்னிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். பாட்டரியின் ஒரு பக்கத்தைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோர்த்துவிட்டு, எல்லாக் கதவையும் சாத்திக் காத்திருந்தார். ஒன்றுமே ஓடாத வண்டியிலிருந்து கரண்டு கசிந்துகொண்டிருந்தது.

அடுத்து, உள்ளே இருந்த ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எங்கே கசிகிறது என்று பார்த்தார். ரேடியோ நிரபராதி. உள்விளக்கு நிரபராதி. ஹாரனும் தப்பித்தது. ஃப்யூஸ் எடுக்க ஒவ்வொரு தடவை குனியும்போதும் பிள்ளையார் மேல் தோள் இடிக்கும். உடனே தொட்டுக் கும்பிட்டுக்கொள்வார். மீட்டரில் இருந்த எண் அசையவேயில்லை.

“எங்கயோ ஒரு வயரு பாட்டரியிலருந்து டைரக்டா கரண்டத் தின்னுக்கிட்டுக் கெடக்கு சார். ஃப்யூஸுக்கெல்லாம் அது கட்டுப்படல.”

டைரக்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் கணவர் தூணைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தத் தூணில் பார்க்க ஒன்றுமில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்கு வண்டியின் சத்தம் தெரியாவிட்டாலும் இவருடைய மௌனம் தெரியும். கையிலிருந்த சாவியைப் பார்த்தேன். கண்ணாடி வழியாக வண்டிக்குள் பார்த்தேன். பிள்ளையாருக்குப் பின்னால் இருக்கும் விளக்கு வட்டம் சிவப்பும் பச்சையுமாக ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டிருந்தோம், சுவாமியைத் தவிர.

“ஏன்னா, சாவி என் கையில இருக்கு. இவர் எப்படி எரியறார்?”

அவர் தூணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அது டைரக்ட். நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்.”

எப்போது என்று கேட்டேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்றார். பிறகு மெதுவாக, விட்டு விட்டுச் சொன்னார். அந்த நாட்களில் தினமும் வண்டியில்தான் வந்து போய்க்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திச் சாவியை எடுத்ததும் பிள்ளையார் பொசுக்கென்று அணைந்துபோவாராம். அதைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறி வர மனசு வரவில்லையாம். வண்டிச் சாமான் விற்கும் கடையில் போய், சாவி இல்லாமலே எரிய வேண்டும், டைரக்ட் கர் தோ, நேராக பாட்டரியிலேயே கொடுத்துவிடு என்று சொல்லிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அப்போதெல்லாம் தினம் ஓடியதால் பாட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வீட்டுக்கு வந்தேன், வண்டி நின்றது, விளக்கு மட்டும் போர்வைக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. ஆஸ்பத்திரியில் இந்த மனுஷர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிங் கிடைக்காத கதையைத்தான் தினமும் சொன்னார். வேறு ஒன்றுமே சொன்னதில்லை. நானும் இவருக்கு வண்டிக் கவலைதான் பெரிசு என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?”

“இதைப் போய் யாராவது சொல்லிண்டிருப்பாளா?”

மெக்கானிக் கட்டரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வயரை வெட்டிவிடட்டுமா என்று என் கணவரிடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். வெட்டு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் துணிச்சல் இல்லை. வெட்டினால் வண்டி பிழைக்கும், ஆனால் விற்பதாகக் கொடுத்த வாக்கு இருக்கிறது, எங்கள் பெண் ஏற்பாடு செய்த ஆள் நாளைக்கு வருவார். நான் முந்திக்கொண்டு, வெட்டாமல் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“தெனம் ஓட்டணும்மா. அரை மணி நேரமாவது ஓட்டுனா எரியுறதுக்கும் கரண்டு காணும், கெளம்புறதுக்கும் காணும்.”

“அப்போ வெட்ட வேண்டாம்” என்றேன்.

பெண்ணுக்கு நானே போன் செய்து, அந்த ஆள் வர வேண்டாம் என்றேன். அம்மா, நீ என் கட்சியாச்சே என்று அவள் கத்தினாள். கட்சி மாறிவிட்டேன், காரணத்தை அப்பா சொல்லமாட்டார், நேரில் வந்தால் நான் சொல்கிறேன் என்றேன்.

இப்போது தினமும் காலையில் மாட்டுங்கா போகிறோம். கீரையும் பூவும் வாங்கிக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புகிறோம். அவர் ஓட்டுகிற வேகத்துக்கு அரை மணி தாராளமாக ஆகிவிடுகிறது. நேற்று கோயில் தெருவில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தார். விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. இறங்குவதற்கு முன்னால் வழக்கம்போல அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“நான்தான் நன்னா இருக்கேனே. இன்னும் யாருக்காக வேண்டிக்கறேள்?” என்று சீண்டினேன்.

“பாட்டரிக்காக” என்றார்.