இன்னும் நாலு விரல்

எங்கள் ஊரில் கோர்வைச் சேலை, அதாவது கரையை வேறு நிறத்தில் தனியாகக் கோத்து நெய்கிற பட்டுச் சேலை, நெய்ய இரண்டு பேர் வேண்டும். என் புருஷன் தறியில் உட்கார்ந்து நெய்வார். நான் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு மட்டும் ஊடைநூல் வைத்த மர நாடாவைத் தள்ளுவேன். நான் எழுந்தால் தறி நின்றுவிடும். அதனால் மூத்திரம் வந்தால்கூட அவரிடம்தான் கேட்க வேண்டும்.

"இன்னும் நாலு விரல் ஏறட்டும்" என்பார். நாலு விரல் அகலத்துக்குத் துணி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூத்தவளை ஏழு மாதம் சுமந்தபோது ஒரு நாள் அடக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். பட்டு கொடுக்க வந்த முதலாளி வாசலில் நின்று பார்த்துவிட்டார். அவர் போனதும் என் புருஷன் கையிலிருந்த மர நாடாவாலேயே கன்னத்தில் அடித்தார். மறுநாள் வந்த என் அம்மா வீக்கத்தைப் பார்த்துக் கேட்டாள். என் புருஷனும் அங்கேதான் இருந்தார்.

"கதவுல இடிச்சிக்கினேம்மா" என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து, மழைக்கு முன்னால் ஓடு மாற்றக் கூரையில் ஏறியவர் விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் சொன்னார்: "மூத்திரம் நிறைஞ்சா அவருக்குத் தெரியாதும்மா. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் தொப்புளுக்குக் கீழ கையை வெச்சு அழுத்தி எடுத்துடணும். தேங்கினா கிட்னியைக் கெடுக்கும். ஆளே போயிடுவாரு."

நேரம் தாண்டினால் அவருக்குத் தலை வலிக்கும், நெற்றி வியர்க்கும். அப்போது கூப்பிடுவார். நான் அவர் தறியில் உட்கார்ந்து, கோர்வை இல்லாத சாதாச் சேலை நெய்துகொண்டிருப்பேன்.

"தலை வலிக்குதுடி."

"இருங்க. இன்னும் நாலு விரல் ஏறட்டும்."

முதல் தடவை அப்படிச் சொன்னபோது அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. தினமும் செய்யவில்லை, பழைய கோபம் வந்த நாட்களில்தான் செய்தேன். தெருவில் எல்லோரும் நான் அவரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வதாகப் பேசினார்கள். அந்தப் பெயரையும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் நாலு விரல் எட்டு விரலாயிற்று. பிறகு போய் அழுத்தியபோது கழுநீர் மாதிரி கலங்கலாக வந்தது, நாற்றம் தாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"வேளாவேளைக்கு எடுத்தியாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"அது தவறாம எடுக்குது சார். ஒரு வேளைகூட வுட்டதில்ல" என்று என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார் என் புருஷன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் சம்சாரம், எவ்வளவு பாசம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் புருஷன் பேசிய அந்தக் குரல் எனக்குத் தெரியும். கதவில் இடித்துக்கொண்டேன் என்று என் அம்மாவிடம் சொன்ன அன்று, நானும் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.