திருநீற்றில் ஊறிய ஒயில்

அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் ஒயில் எங்கே கசிகிறதென்று பார்க்க, எஞ்சினைத் துடைத்துத் திருநீறு தூவி ஓடவிட்டேன். சூட்டில் எழுந்த மணம், ஒயிலும் கோயிலும் கலந்த அந்த மணம், என்னைக் கோப்பாய் வீட்டு முற்றத்தில் பத்து வயதுக்காரனாய்க் கொண்டுபோய் நிறுத்தியது.

அன்றைக்கு அப்பாவும் இப்படித்தான் தூவினார்.

“சாமித் திருநீறை ஏன் உதுக்குக் கொட்டுறியள்?” என்று அம்மா கத்தினா.

“உதுவும் சைவம்தான், பொறும்.”

அடியில் ஒயில் வடிக்கிற நட்டைச் சுற்றி வெள்ளை மெல்லக் கறுத்தது. மரை அழிந்திருந்தது. முதல்நாள் ஒயில் மாற்றிய செல்லண்ணையை அப்பா கூப்பிட்டார். ஒழுங்கைச் சனமே வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தது.

“நீ நட்டை இறுக்கினியோ, நாம்பன் மாட்டைக் கட்டினியோ?”

“அளவாத்தான் இறுக்கினனான், மாஸ்ரர்.”

அன்று காலை ஒரு சொட்டு விழுந்ததைக் கண்டு, கெட்டிக்காரன் என்று பேரெடுக்க, ஸ்பனரில் குதிக்காலால் ஏறி மிதித்தவன் நான். நட்டு வழுகிச் சுற்றியதும் ஓடிவிட்டேன். செல்லண்ணை ஏச்சு வாங்கையில் தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன்.

செல்லண்ணை என் காலைப் பார்த்தார். குதியில் ஸ்பனரின் கறுப்பு அப்படியே இருந்தது. என் முகத்தையும் பார்த்தார்.

“ஓம் மாஸ்ரர். என்ரை பிழைதான்.”

அதன்பிறகு அவர் எங்கள் ஒழுங்கைக்கு வரவேயில்லை.

இன்றும் அதே நட்டைச் சுற்றித்தான் கறுத்தது.

“இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கோவன்” என்றாள் மனைவி.

ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டு, குதிக்காலை உடுத்தியிருந்த சாரத்துக்குள் இழுத்துக்கொண்டேன்.