அக்கியின் இரண்டு தலைகள்

மாதாப்பூரில் எங்கள் அடுக்ககத்தின் வாசலில் யாரோ கோலத்துக்குக் காவி கரைக்க, அந்த ஈர வாடை என்னை, இன்று கட்டடங்களுக்கு அடியில் போய்விட்ட லோத்குண்டா குயவர் முற்றத்துக்கு இழுத்துப் போனது. அப்பாவின் இடுப்பைச் சுற்றிப் படர்ந்த அக்கிக் கொப்புளங்கள்மேல் மூன்று நாள் காலையிலும் கோழியிறகால் காவி எழுதிய குயவர், "ரெண்டு தலையும் கூடிட்டா ஆளு தங்காது சார்" என்றார். வீடு திரும்பியதும் அப்பா சட்டையைத் தூக்கி, "முதுகுல ரெண்டு தலைக்கும் நடுவுல எத்தனை விரல் இடைவெளி இருக்கு, பாரும்மா" என்றார். இரண்டே விரல், பயத்தில் "நாலுப்பா" என்றேன். அதை நம்பி அவர் டாக்டரிடம் போகவில்லை. அந்த எரிச்சல் சாகும்வரை அவரை விடவில்லை.

மூன்று நாளாக என் இடுப்பைச் சுற்றியும் கொப்புளங்கள் எரிகின்றன. இந்தக் கதையெல்லாம் தெரிந்த மகளிடம் முதுகைக் காட்டினேன். "ஃபோர்ம்மா" என்றாள். என் முதுகில் பட்டவை இரண்டு விரல்கள்.