கோப்பில் எழுதிய காரணம்

சித்தப்பா லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்டாராம். அத்தை மகளிடம் அவள் தையல்காரி சொன்னது, கடல் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்தது. வரும் வழியில் ஒரு கவர் மூன்று பெட்டியாகியிருந்தது.

நான் நம்பவில்லை. ஆபீஸ் பேனாவை மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், மறுநாள் மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பிக் கொடுக்கிற மனுஷன். குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷமாக எழுத்தர். நடந்ததை நடந்தபடி எழுதுவார். 'மனுதாரர் கோபமாக வந்தார்; மின்விசிறி ஓடாததால் மேலும் கோபமானார்' என்பதுகூடக் கோப்பில் இருக்கும்.

ஆனாலும் சித்தியைக் கூப்பிட்டேன்.

"வாங்கினது மேலாளர். எழுதினது உங்க சித்தப்பா. மத்தவங்களுக்கு நாக்குல சனி, இவருக்குப் பேனாவுல!"

"என்ன எழுதினார்?"

ஏழு மாதம் தூங்கிய ஒரு லாட்ஜ்காரர் மனு, ஒரே மத்தியானத்தில் எழுந்து ஓடியிருக்கிறது. ஏன் இந்த அவசரம் என்று தணிக்கையில் கேட்பார்களே! "கோப்புல ஏதாவது ஒரு காரணம் எழுதி வைங்க" என்றிருக்கிறார் மேலாளர். சித்தப்பா எழுதினார்: 'மனுதாரர் இன்று மேலாளரைத் தனியறையில் நன்கு கவனித்தார். ஆகவே இணைப்பு வழங்கலாம்.' கீழே மேலாளரின் கையெழுத்து. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது.

தணிக்கைக்காரர் படித்துவிட்டார். இன்று விசாரணை.

"கவனித்தார்னா உத்துப் பார்த்தார்னு அர்த்தம் சொல்லிடுங்க. இல்லேன்னா கவரை வாங்கினதே நீங்கதான்னு சொல்லிடுவேன்" என்று மேலாளர் மிரட்டியிருக்கிறார். தையல்காரி வரைக்கும் போனது அதுதான். ஓய்வுபெற மூன்றே மாதம். வேலை போனால் பென்ஷனும் போச்சு.

"நீ சொன்னா கேப்பாருடா. ரெண்டு மொழி படிச்சவன். அகராதியிலேயே அப்படித்தான் போட்டிருக்குன்னு சொல்லு."

சொன்னேன். விசாரணை அறை வாசலில் நின்றபடி சித்தப்பா போனில் பேசினார்.

"அகராதியில இருக்கட்டும்டா. உற்றுப் பார்த்திருந்தா 'உற்றுப் பார்த்தார்'னு எழுதியிருக்க மாட்டேனா? சும்மா உத்துப் பார்த்ததுக்கா குழாய் குடுப்பாங்க?"

"சித்தப்பா, பென்ஷன்..."

"கூப்பிடறாங்க. வைக்கிறேன்."

நாலு மணி நேரம் ஆகிறது. அதே ஊரில் இருக்கிற சித்தி, இங்கே இருக்கிற என்னைக் கேட்கிறாள், "என்னடா ஆச்சு?" என்று. மறுபடி சித்தப்பாவுக்கு அடித்தேன். ரிங் போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது.