சர்வரை அணைத்த மதியம்

"என் சின்னவ சர்வர் வேலை பாக்குறா" என்று அம்மா யாரிடமோ சொல்லப்போக, "எந்த ஓட்டல்ல?" என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து வீட்டில் அவள் ஓட்டல்காரி.

உண்மையில் அவள் வேலை ஒரு படத்தொகுப்புக் கூடத்தில். எடிட்டர்கள் அத்தனை பேரும் சர்வர் என்ற ஒரே பெரிய கணினியிலிருந்துதான் காட்சிகளைத் திறந்து வெட்டி ஒட்டுவார்கள். அந்தச் சர்வர் அவள் பொறுப்பு. சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட அக்காவும் அங்கே எடிட்டர்தான்.

படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று எல்லோரும் முணுமுணுக்க, ஓட்டல்காரி காட்சிகளை எடிட்டர்களுக்கு அனுப்பும் நெட்வொர்க் கார்டை வேகமானதாக வாங்கச் சொல்லிப் பொருத்தினாள். பொருத்திவிட்டுச் சர்வரைப் போட்டபோது காட்சிகளைச் சேமிக்கும் டிஸ்குகளில் ஒன்று கிறீச்சிட்டு, முக்கி முனகித்தான் எழுந்தது. படமோ அப்படியே திக்கியது.

"புதுசு போட்டும் அதே கதைதானேடி. முதலாளி என் மூஞ்சியத்தான் பாக்குறார்" என்றாள் அக்கா.

ஓட்டல்காரி கேபிளை மாற்றிப் பார்த்தாள். டிஸ்குகளைத் தனியே சோதித்தாள். கடைசியில்தான் பிடிபட்டது: கார்டைச் செருகியிருந்த ஸ்லாட் குறுகலானது, கார்டின் வேகத்தில் பாதியைக்கூட விடாது. பக்கத்திலேயே அகலமான ஸ்லாட் இருந்தது. மாற்ற வேண்டுமானால் மறுபடி அணைக்க வேண்டும்.

"அந்த டிஸ்க் எழுந்திரிக்கலைன்னா?" என்று கேட்டாள் அக்கா.

"ஒண்ணு போனா மத்த டிஸ்குங்க தாங்கும்க்கா."

"ரெண்டு போனா?"

ரெண்டு போனால் எல்லாமே போய்விடும். இந்த வாரத்து வேலைக்கு வேறு நகல் கிடையாது.

அக்கா எல்லோரையும் சாப்பிட அனுப்பினாள். கார்டு இடம் மாறியது. சுவிட்சைப் போட்டதும் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஒன்று மட்டும் சிவப்பிலேயே நின்றது. புது டிஸ்கைச் செருகினாள். மற்ற டிஸ்குகள் சேர்ந்து, போனதில் இருந்ததை அதில் நிரப்பி முடிக்கும்வரை இன்னொன்று மண்டையைப் போடக்கூடாது.

"இன்னிக்கு யாரும் தொடாதீங்க. சர்வருக்குப் பளு கூடிரும்" என்றாள். முதலாளி சத்தம் போட்டார். அக்கா கதவை மறித்து நின்றாள். "தங்கச்சி சொன்னா சொன்னதுதான் சார்."

மறுநாள் காலை சிவப்பு மறைந்திருந்தது. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே?" என்றார் முதலாளி.

"செஞ்சிருக்கலாம் சார்" என்றாள். மற்ற டிஸ்குகளும் போனதன் வயதுதான், அவையும் எந்நேரமும் போகலாம் என்பதை அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று அக்காவைப் பார்த்தாள்.